கை நன்றாக வரைகிறது, உடலைப் படித்தீர்களா?

மெடிக்கல் இல்லஸ்ட்ரேஷன் வேலைக்கு விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் வரையத் தெரியும். ஃபோட்டோஷாப் தெரியும், பிளெண்டர் ஓரளவு தெரியும், ஷோரீல் ஒன்று கையில் இருக்கும். அதை வைத்து யாரையும் பிரித்தெடுக்க முடியாது. அதனால் இன்டர்வியூவில் ஆர்ட் டைரக்டருக்குப் பக்கத்தில் ஒரு டாக்டரையும் உட்கார வைக்கிறார்கள். நீங்கள் அனிமேட் செய்த இதயத்தை நடுவில் நிறுத்தி, “இந்த இடத்துல மைட்ரல் வால்வு திறந்திருக்கணுமா, மூடியிருக்கணுமா?” என்று அவர் கேட்பார். பதில் தெரிந்தவருக்கு வேலை. தெரியாதவருக்கு, “அப்புறம் கூப்பிடுறோம்.”

திருப்புலிவனத்திலிருந்தோ உத்திரமேரூரிலிருந்தோ கிளம்புகிறவர் சென்னைப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். அவர்களிடம் விலை உயர்ந்த டேப்லெட் இருக்கும், சரளமான இங்கிலீஷ் இருக்கும், ஸ்டூடியோவில் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இதையெல்லாம் ஒரு வருடத்தில் சம்பாதிக்க முடியாது. ஆனால் உடற்கூறியலையும் உடலியங்கியலையும் ஒரு வருடத்தில் உருப்படியாகப் படித்துவிட முடியும். உங்கள் போட்டியாளர்களில் பெரும்பாலோர் அதைத் தொடவே மாட்டார்கள். நீங்கள் நுழைய வேண்டிய இடம் அது.

வேலை எங்கே என்று கேட்பீர்கள். வெளிநாட்டுப் பதிப்பகங்களின் மருத்துவ நூல்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் டைப்செட்டிங், ஆர்ட்வொர்க் செய்து தருகிற நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் பல வருடங்களாக இருக்கின்றன. நியூஜென், டிஎன்க்யூ, இன்டெக்ரா என்று தேடிப் பாருங்கள். மருந்து கம்பெனிகளுக்கு அனிமேஷன் செய்யும் ஸ்டூடியோக்கள், எட்டெக் கம்பெனிகள், நோயாளிகளுக்கு விளக்கப் படம் தேவைப்படும் பெரிய மருத்துவமனைகள் எல்லாம் இந்த ஆட்களைத் தேடுகின்றன. உங்கள் மாவட்டத்திலேயே ஒரகடத்தில் மருத்துவக் கருவிகளுக்கென்று சிப்காட் பூங்கா திட்டமிடப்பட்டது. கருவி செய்பவருக்கு, அது உடலுக்குள் எங்கே போய் என்ன செய்கிறது என்று காட்டும் படம் இல்லாமல் விற்பனை நடக்காது.

1. உடலியங்கியலை முதலில் பிடியுங்கள்.

எல்லோரும் எலும்பு, தசைப் பெயர்களை மனப்பாடம் செய்வதில் ஆரம்பிக்கிறார்கள். மூன்றாவது வாரம் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். ஓர் உறுப்பு என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டால், அதன் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது தானாக மனதில் நிற்கும். இடது வென்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடச் சுமார் மூன்று மடங்கு தடிமன். வலது பக்கம் பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் ரத்தத்தைத் தள்ளினால் போதும், இடது பக்கம் உடல் முழுவதுக்கும் தள்ள வேண்டும். இது புரிந்த பிறகு இரண்டு சுவரையும் ஒரே தடிமனில் வரைய உங்கள் கை ஒப்பாது.

அனிமேஷனுக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 75 முறை துடிக்கும் இதயத்தில் ஒரு துடிப்புக்கு 0.8 நொடி. ஏட்ரியம் சுருங்க 0.1 நொடி, வென்ட்ரிக்கிள் சுருங்க 0.3 நொடி, மீதி 0.4 நொடி எல்லா அறையும் தளர்ந்திருக்கும். நொடிக்கு 24 பிரேம் என்றால் மொத்தம் ஏறத்தாழ 19 பிரேம். அதில் 2 ஏட்ரியத்துக்கு, 7 வென்ட்ரிக்கிளுக்கு, 10 ஓய்வுக்கு. அந்த 7 பிரேமில் மைட்ரல் வால்வு மூடியிருக்க வேண்டும். முதல் பத்தியில் டாக்டர் கேட்ட கேள்விக்கு விடை இது. இன்னொன்று: இதயம் எல்லாப் பக்கமும் சீராகச் சுருங்குவதில்லை. ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கிக்கொண்டு சுருங்குகிறது. பல ஸ்டாக் வீடியோக்களில் இது தவறாகவே இருக்கும். நீங்கள் சரியாகச் செய்து காட்டினால் கார்டியாலஜிஸ்ட் நிமிர்ந்து உட்காருவார்.

2. புத்தகத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு உயிரியல் விலங்கியல் புத்தகத்தை முதலில் முடியுங்கள். செரித்தல், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், இயக்கம், நரம்பு, ஹார்மோன் எல்லாம் தமிழிலேயே இருக்கின்றன. இலவசமாக டவுன்லோடு செய்யலாம். அடுத்தது ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிட்ட ‘அனாட்டமி அண்டு பிசியாலஜி’. இதுவும் இலவசம், எளிய இங்கிலீஷ். இந்த இரண்டையும் முடித்த பிறகு எம்பிபிஎஸ் மாணவர்கள் வைத்திருக்கும் பி.டி. சௌராசியாவின் உடற்கூறியல் தொகுதிகளைப் பழைய புத்தகக் கடையில் தேடுங்கள். அதிலுள்ள படங்கள் பரீட்சையில் மாணவர் திரும்ப வரைவதற்காகவே எளிமைப்படுத்தப்பட்டவை. எதையெல்லாம் விட்டுவிட்டும் படத்தைச் சரியாக வைத்திருக்கலாம் என்பதை அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளலாம். உடலியங்கியலுக்கு செம்புலிங்கம், பிரேமா செம்புலிங்கம் எழுதிய புத்தகம் போதும்.

பெரிய அட்லஸ் ஆசை எல்லோருக்கும் வரும். ஃபிராங்க் நெட்டரின் அட்லஸ் அபாரமானது. அவர் டாக்டராகப் பயிற்சி பெற்று, பிறகு முழுநேர ஓவியரானவர். முதல் சம்பளத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

3. பார்க்காமல் வரையுங்கள்.

தினம் ஓர் உறுப்பு. இருபது நிமிடம் படியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், வெள்ளைத் தாளில் நினைவிலிருந்து வரைந்து பெயர்களை எழுதுங்கள். பிறகு திறந்து சிவப்புப் பேனாவில் திருத்துங்கள். பார்த்து வரையும்போது கை வேலை செய்கிறது, மனம் வேறெங்கோ இருக்கிறது. நினைவிலிருந்து வரைந்தால் எது தெரியவில்லை என்பது தாளிலேயே வெள்ளையாகத் தெரியும். திருத்திய தாள்களைத் தூக்கி எறியாதீர்கள். தேதி போட்டு அடுக்கி வையுங்கள். இன்டர்வியூவில் ஃபைனல் படங்களைவிட இந்தக் கட்டு சில சமயம் அதிகம் பேசும், ஏனென்றால் கொடுக்கிற வேலையைப் படித்துச் செய்கிற ஆள் என்பதற்கு அது சாட்சி.

4. உங்கள் உடலையே தொட்டுப் படியுங்கள்.

காரை எலும்பைத் தடவுங்கள். விலா எலும்புகளை எண்ணுங்கள்: 12 ஜோடி, அதில் மேல் 7 ஜோடி மார்பெலும்போடு நேராகச் சேர்கின்றன, கடைசி 2 ஜோடி முன்பக்கம் எதிலும் சேராமல் நிற்கின்றன. ஐந்தாவது விலா இடைவெளியில், இடப்பக்கம், இதய நுனியின் துடிப்பு விரலில் படும். மணிக்கட்டில் நாடி எந்தப் பக்கம் கிடைக்கிறது, கட்டைவிரலை அசைத்தால் எந்த நாண் எழும்புகிறது என்று பாருங்கள். இந்த அறிவு புத்தகப் படத்தைக் காப்பி செய்தால் வராது.

இந்த இடத்தில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர் கோவிலிலும் மாமல்லபுரத்திலும் உட்கார்ந்து ஸ்கெட்ச் போட்டுக் கை பழகியவர்கள் இங்கே நிறைய. கோடு பழக அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் நம் சிற்பிகள் தாளம் எனும் சிற்ப அளவு முறையில் செதுக்கினார்கள். தசை மேடுகளையும் மூட்டுகளையும் வேண்டுமென்றே மழுப்பி, உடலை வழவழப்பாக்கினார்கள். அது அவர்கள் கலையின் தேர்வு. அந்தப் பழக்கம் மெடிக்கல் படத்துக்குள் வந்தால் முழங்கை இருக்க வேண்டிய இடத்தில் வளைவு மட்டும் இருக்கும். இரண்டு நோட்டுகளைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

5. இலவச டேட்டாவில் கை வையுங்கள்.

அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் விசிபிள் ஹியூமன் திட்டம் 1994-ல் ஓர் ஆண் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் 1,871 குறுக்குவெட்டுப் படங்களாக வெளியிட்டது. அடுத்த வருடம் பெண் உடல், இன்னும் மெல்லிய வெட்டுகளில். 2019 முதல் அதற்கு லைசென்ஸ் கேட்க வேண்டியதில்லை. 3டி ஸ்லைசர் என்ற இலவச சாஃப்ட்வேரில் சிடி ஸ்கேன் ஃபைலைத் திறந்து, எலும்பைப் பிரித்தெடுத்து, பிளெண்டருக்குக் கொண்டுபோகப் பழகுங்கள். யாரோ செய்து வைத்த மாடலை எடுத்தவருக்கும் ஸ்கேனிலிருந்து தானே எடுத்தவருக்கும் சம்பள வித்தியாசம் உண்டு. சொந்தக்காரரின் ஸ்கேனை எடுத்துப் போர்ட்ஃபோலியோவில் போட்டுவிடாதீர்கள். ஸ்கேன் வரும் டைகாம் ஃபைலுக்குள் நோயாளியின் பெயர், பிறந்த தேதி எல்லாம் ஒளிந்திருக்கும். அது தெரியாமல் போட்டவரை எந்த மருத்துவமனையும் நம்பாது.

6. போர்ட்ஃபோலியோவுக்கு உங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுங்கள்.

எல்லோர் போர்ட்ஃபோலியோவிலும் ஒரு மூளை, ஓர் இதயம், ஒரு கொரோனா வைரஸ் இருக்கும். பார்க்கிறவருக்கு அலுத்துவிட்டது. உத்திரமேரூர் சுற்றுவட்டாரம் ஏரியும் நெல் வயலும். இங்கிருந்து வரும் ஒருவர் கையில் இருக்க வேண்டிய படம் பாம்புக்கடி.

ஏன் என்று சொல்கிறேன். 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவில் வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறப்பதாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2017-ல் இதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. 1978-ல் தொடங்கி, மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துத் தருகிறது. அதில் பணியாற்றிய வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவும் உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் நடக்கிறது.

இப்போது படத்துக்கு வாருங்கள். நான்கு பாம்புகள், ஆனால் உடலுக்குள் இரண்டு விதமான கதை. நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாக்குகிறது. நல்ல பாம்பின் நச்சு தசைப் பக்கத்தில் அசிட்டைல்கோலின் உட்கார வேண்டிய ரிசெப்டரை அடைத்துக்கொள்கிறது. கட்டுவிரியன் நச்சு நரம்பு முனையையே சேதப்படுத்துகிறது. இமை தொங்குகிறது, பேச்சு குழறுகிறது, கடைசியில் மூச்சுத் தசை நிற்கிறது. கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியோ வீக்கமோ அதிகம் இருக்காது, அதனாலேயே தாமதமாகிறது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கதை வேறு: ரத்தம் உறைவதற்கான புரதங்களைத் தாறுமாறாகத் தூண்டித் தீர்த்துவிடுகின்றன, பிறகு ரத்தம் உறைவதே இல்லை. கண்ணாடி விரியனில் சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

இதை மூன்று படமாகச் செய்யுங்கள். ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவருக்கு: கடித்த இடத்தைக் கீறாதே, வாயால் உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு போ. இரண்டு, நர்சிங் மாணவருக்கு: எந்த அறிகுறி எந்த விஷத்தைக் காட்டுகிறது. மூன்று, மருந்தியல் ஆய்விதழுக்கு: நரம்பு-தசைச் சந்திப்பின் மூலக்கூறு அளவிலான படம். ஒரே விஷயம், மூன்று வாசகர்கள். பயோமெடிக்கல் விஷுவல் கம்யூனிகேஷன் என்ற தொழிலின் சாரமே அதுதான். அதை மூன்று பக்கத்தில் நிரூபித்தவரை ஆர்ட் டைரக்டர் மறக்க மாட்டார்.

சிறிய பயிற்சி வேண்டுமென்றால் வேர்க்கடலையை எடுங்கள். குழந்தை விழுங்கும்போது புரையேறி உள்ளே போன கடலை பெரும்பாலும் வலது மூச்சுக்குழல் கிளையில்தான் சிக்கும். இடதைவிட அது அகலம், குட்டை, செங்குத்து. ஒரே படத்தில் வடிவத்தையும் விளைவையும் காட்டிவிடலாம்.

7. தமிழ் மீடியம் என்று கூசாதீர்கள்.

யாழ்ப்பாணத்துக்கு 1847-ல் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கிரேயின் உடற்கூறியல் நூல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்று 1872-ல் தமிழில் வந்துவிட்டது. இங்கிலீஷிலும் தமிழிலும் சரியாக லேபிள் போடத் தெரிந்தவருக்கு இன்று அரசு சுகாதாரப் பிரச்சாரம், மருத்துவமனை, எட்டெக் மூன்றிலும் தேவை இருக்கிறது. உங்கள் படங்களை இரண்டு மொழியிலும் ஏற்றுமதி செய்து வையுங்கள்.

8. ஆளைக் கவிழ்க்கும் பிழைகள்.

இடம் வலம் முதலில். முன்பக்கத்திலிருந்து பார்க்கும் படத்தில் நோயாளியின் வலது, பார்ப்பவரின் இடப்பக்கம். ஃபோட்டோஷாப்பில் ஃப்ளிப் செய்து லே-அவுட்டுக்குப் பொருத்தினால் கல்லீரல் இடம் மாறிவிடும். வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. வலது சிறுநீரகம் கல்லீரலுக்குக் கீழே சற்று இறங்கியிருக்கும். டிஎன்ஏ வலஞ்சுழி: ஏணியை நிறுத்தி வைத்துப் பார்த்தால் முன்பக்க இழைகள் இடது கீழிருந்து வலது மேலே ஏற வேண்டும். பெரிய கம்பெனிகளின் லோகோவிலேயே இது திரும்பியிருப்பதைப் பார்க்கலாம். சிவப்பணுக்கள் காலியான குழாயில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிதப்பதில்லை. ரத்தத்தில் 45 சதவீதம் வரை அவைதான், நெருக்கியடித்துக்கொண்டு போகும்.

தோல் நிறம். 2021-ல் நைஜீரியாவின் சிடியபெரே இபே வரைந்த கறுப்பினக் கருவின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அப்படி ஒரு படத்தைப் பெரும்பாலோர் அதுவரை பார்த்ததே இல்லை. நம் நாட்டு நோயாளிக்காக வரைகிற படத்திலும் வெள்ளைக்காரத் தோலே இருப்பது சோம்பேறித்தனம், தவறும்கூட. நம் தோலில் ரத்தசோகை கீழ் இமையின் உட்பக்கத்தில் தெரியும், மஞ்சள் காமாலை கண்ணின் வெள்ளையில் தெரியும், ஆக்சிஜன் குறைவு நாக்கிலும் உதட்டிலும் தெரியும். இதைச் சரியாக வரையத் தெரிந்தவர் சந்தையில் குறைவு. நீங்கள் அந்தக் குறைவானவர்களில் ஒருவராகுங்கள்.

9. டாக்டரிடம் பேசும் முறை.

மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் மியூசியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் துறைத் தலைவருக்குக் கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். உங்கள் கல்லூரி லெட்டர்ஹெட்டில் பிரின்சிபால் கையெழுத்தோடு போனால் கதவு திறக்கும் வாய்ப்பு கூடும். அங்கே இருப்பவை வாழ்ந்து மறைந்த மனிதர்களின் உடல்கள். போன் உள்ளே போகக் கூடாது, பேச்சு குறைவாக இருக்கட்டும், பென்சிலும் நோட்டும் போதும். டாக்டரிடம் “படம் நல்லா இருக்கா சார்?” என்று கேட்காதீர்கள். நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். “இந்த தமனி நரம்புக்கு முன்னாடி போகுதா, பின்னாடியா மேடம்?” என்று கேளுங்கள். பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லித் தருவார்.

10. ஏஐ பற்றி ஒரே பத்தி.

2024 பிப்ரவரியில் ஃப்ரண்டியர்ஸ் குழுமத்தின் ஆய்விதழ் ஒன்றில் ஏஐ வரைந்த எலியின் படம் வெளிவந்தது. உறுப்புகள் அபத்தமான அளவில், லேபிள்களில் பொருளே இல்லாத எழுத்துகள். மதிப்பாய்வைத் தாண்டி வெளியாகி, சில நாளில் கட்டுரை வாபஸ் ஆனது. வேகமாக வரையும் வேலையை ஏஐ எடுத்துக்கொள்ளும். வந்த படத்தில் எது தவறு என்று சொல்ல உடல் தெரிந்த ஆள் வேண்டும். அந்த நாற்காலிக்குத் தயாராகுங்கள்.

11. பெயரும் உரிமையும் காகிதத்தில் இருக்கட்டும்.

1858-ல் வந்த ‘கிரேஸ் அனாட்டமி’ எல்லோருக்கும் தெரியும். அதன் 363 படங்களை வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டரைத் தெரியுமா? அவரும் டாக்டர்தான். கிரேயோடு சேர்ந்து உடல்களை அறுத்துப் பார்த்து வரைந்தார். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதியது அந்தப் படங்களின் பெரிய பலம். கிரேக்கு விற்பனையில் பங்கு கிடைத்தது. கார்ட்டருக்கு ஒரே தடவையாக 150 பவுண்டு, ராயல்டி இல்லை. முகப்புப் பக்க புரூஃபில் கார்ட்டரின் பெயரைச் சின்ன எழுத்தாக்கி, அவருடைய பதவியையும் கிரே அடித்துவிட்டார். கார்ட்டர் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் பேராசிரியரானார். மதுரையில் முதலில் கவனிக்கப்பட்டதால் மதுரா ஃபுட் என்று பெயர் பெற்ற பாத நோயை ஆராய்ந்து, 1874-ல் தன் பெயரிலேயே புத்தகம் கொண்டுவந்தார்.

நம் நாட்டில் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது. சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது வரைந்த படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே சொந்தம். ஒருவர் காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்திலும் வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் அவரே முதல் உரிமையாளர். உரிமையை எழுதிக்கொடுக்கும்போது எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் 5 வருடம் என்று எடுத்துக்கொள்ளும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா. ஆகவே ஃப்ரீலான்ஸ் வேலை எடுக்கும்போது எங்கே பயன்படும், எவ்வளவு காலம், எத்தனை திருத்தம், படத்தின் கீழே உங்கள் பெயர் வருமா, போர்ட்ஃபோலியோவில் போடலாமா என்று ஐந்து வரி மெயில் அனுப்பி, ‘ஓகே’ என்ற பதில் வந்த பிறகு பென்சிலைத் தொடுங்கள்.

மேற்படிப்பு ஆசை இருந்தால் வழி உண்டு. மாக்ஸ் ப்ரோடல் 1911-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தொடங்கிய துறை இன்றும் நடக்கிறது. டொரான்டோவிலும் சிகாகோவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது. இடங்கள் குறைவு, செலவு கடுமை. அவர்கள் கேட்பதும் இதையேதான்: மனித உருவம் வரைந்த போர்ட்ஃபோலியோ, கூடவே உடற்கூறியலும் உடலியங்கியலும் படித்ததற்கான சான்று. இரண்டு வருடம் சென்னையில் வேலை பார்த்து, பெயர் போட்ட படங்களோடு விண்ணப்பிப்பது கையில் ஒன்றும் இல்லாமல் போவதைவிட நல்லது.

போர்ட்ஃபோலியோவுக்கு ஆறு படம் போதும். ஆறிலும் ஒரு டாக்டர் பார்த்துத் திருத்திய அடையாளம் இருக்கட்டும். தயாரானவுடன் அனுப்புங்கள், இன்னும் கொஞ்சம் மெருகேற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் மெருகேற்றும் மாதத்தில் அந்த வேலையில் வேறொருவர் சேர்ந்துவிடுவார்.